இரண்டாவது ஆள்

“என்கிட்டயாவது நார்வே மொழியில பேசேம்மா. ஒரே ஒரு வார்த்தை.”

ரிஸ்டென் மகனைப் பார்த்தாள். ஸாமி மொழியில் ஏதோ சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டோர்ஃபினுக்குப் புரியவில்லை. புரியாதபடி வளர்த்ததே அவள்தான். நார்வேயின் வடகோடிப் பழங்குடிகளின் மொழியான ஸாமி, அவள் பிறந்த வீட்டுப் பேச்சு. ஆனால் தபாலாபீஸ் கவுன்டரில் ஊருக்கெல்லாம் நார்வே மொழியில் பதில் சொன்னவள், வீட்டிலும் அதையே பேசினாள். பிள்ளை வாயில் தப்பித் தவறி ஒரு ஸாமி வார்த்தை வந்தால், “பள்ளிக்கூடத்துல இதைப் பேசி நான் வாங்கின அடி போதும், நீயும் வாங்கணுமா?” என்று அதட்டுவாள்.

இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த பிறகு அவளிடமிருந்து ஸாமியைத் தவிர வேறு பேச்சே இல்லை. வயதானால் பின்னால் கற்றது முதலில் மறந்துபோகும் என்றார் டாக்டர். டோர்ஃபின் நம்பவில்லை. போன தடவை ரேடியோவில் ஒருவன் நார்வே மொழியில் ஜோக் அடித்தபோது அவள் தோள் குலுங்கியதை அவன் பார்த்திருந்தான்.

“எங்க ஊர் இல்லத்துல ஒரு இடம் காலியாயிருக்கு. என் வீட்டிலேர்ந்து நடந்தே வந்துடலாம். பசங்க தினம் வந்து பார்ப்பாங்க. அங்க ஸாமி பேசற ஆள் யாரும் கிடையாது. நகராட்சியிலேர்ந்து இன்னிக்கு ஒரு அம்மா வர்றாங்க. உனக்கு நார்வே மொழி தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

அவள் போர்வையை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“பனி அள்ளற வண்டிக்குப் பின்னாலயே ஊர்ந்து வந்திருக்கேன்மா, விடியக்காலையிலேர்ந்து. இன்னும் எத்தனை வாட்டி என்னால முடியும்னு நினைக்கற?”

அவள் போர்வை ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

வீம்பு, வேறென்ன. டோர்ஃபின் எழுந்து வெளியே வந்தான்.

அடுத்த அறையில் ஒரு கிழவர் ஸாமி மொழியில் கத்திக்கொண்டிருந்தார். பணிப்பெண் ஒருத்தி தண்ணீரை நீட்டினாள். தட்டிவிட்டார். கம்பளியைப் போர்த்தினாள். இன்னும் பெரிதாகக் கத்தினார். சமையலறையிலிருந்து சுன்னா ஓடிவந்தாள். அங்கே ஸாமி தெரிந்த பணியாள் அவள் ஒருத்திதான். குனிந்து என்னவோ கேட்டாள். கிழவர் சட்டென்று அடங்கினார். கழிவறைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் பேண்ட் நனைந்துவிட்டிருந்தது.

அவரைக் கழுவி, உடை மாற்றி, படுக்க வைத்துவிட்டு சுன்னா வெளியே வந்தாள்.

“மிஹ்கால்தானே அது?” என்று கேட்டான் டோர்ஃபின். “வலை போடற இடத்துக்காக எங்கப்பாகூட சாகறவரைக்கும் மல்லுக்கு நின்ன ஆளு.”

“இப்ப மல்லுக்கு நிக்கறதுக்குக்கூட அவருக்கு நான் ஒருத்திதான். நார்வே மொழி சுத்தமாப் போயிடுச்சு. நான் லீவு போட்டா அன்னிக்கு முழுக்க இந்தக் கூத்துதான்.”

நகராட்சியிலிருந்து ஹெய்டி வந்துவிட்டிருந்தாள். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா நடிக்கறாங்கன்னு போன்ல சொன்னது நீங்கதானே?”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு. உங்க ஊருக்கே மாத்திடலாம். ஸாமி மட்டும் தெரிஞ்சவங்க ரெண்டு பேராவது இருந்தாத்தான் இங்க அதுக்குன்னு ஆள் போட முடியும். உங்கம்மா போய்ட்டா சுன்னாவை வேற எங்கயாவது அனுப்பிடுவோம்.”

“அப்போ அவரு?” டோர்ஃபின் மிஹ்காலின் அறையைக் காட்டினான்.

“பழகிடுவார்.”

இருவரும் உள்ளே போனார்கள். ஹெய்டி குனிந்து, செவிடரிடம் பேசுவது போல உரக்கக் கேட்டாள். “நான் பேசறது புரியுதா?”

ரிஸ்டென் அவளைச் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஹெய்டி நிமிர்ந்தாள். “பெத்த பிள்ளை நீங்க. நீங்களே சொல்லுங்க. நார்வே மொழி தெரியுமா, தெரியாதா?”

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் போக வேண்டிய சாலை ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த மாதமும் அதே சாலைதான். அதற்கடுத்த மாதமும்.

“தெரியாது,” என்றான். “நான்தான் தப்பா நினைச்சுட்டேன். எல்லாம் மறந்துபோச்சு அவங்களுக்கு.”

ஹெய்டி தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். டோர்ஃபின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

“கதவைச் சாத்துடா,” என்றாள் ரிஸ்டென், நார்வே மொழியில். “பொய் சொன்னா உன் காது சிவந்து காட்டிக்கொடுத்துடும். அதனாலதான் உன்கிட்ட இத்தனை நாளாப் பேசல.”