மூன்றாவது பாட்டு

பழைய பாட்டு சிடிகளை ஜெபமணி இணையத்தில் விற்கிறார். கேட்பதற்கென்று இப்போது யாரும் வாங்குவதில்லை. சேர்த்து வைப்பவர்கள்தான் வாங்குகிறார்கள். ஒரு கீறல் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் தேய்த்து மெருகேற்றிவிடுவார்.

விளம்பரப் படத்தில், ஒரு சிடியின் மேல் மார்க்கரால் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு ஒரு பெண் போன் செய்தாள்.

“அது எங்க அண்ணனோடது சார். அவன் போனதும் நாங்கதான் எடைக்குப் போட்டுட்டோம். மூணாவது பாட்டு நடுவுல நின்னுடும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் எழுந்து வந்து இடது கையால ப்ளேயரைத் தட்டுவான். இப்பவும் நிக்குதா?”

“இல்லம்மா. நல்லா தேய்ச்சிட்டேன். புதுசு மாதிரி பாடும்.”

ஜெபமணி மூன்றாவது பாட்டைப் போட்டு, ஸ்பீக்கர் அருகே போனைப் பிடித்தார். இருவரும் காத்திருந்தார்கள்.

“இங்கதான்” என்றாள்.

பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.