இரண்டு சாம்பல்

"இடது பக்கம் மழைக்கு முந்தின மேகம். வலது பக்கம் மழை விட்டப்புறம் இருக்கிற மேகம்," என்றார் அவர், கண்ணை இடுக்கிக்கொண்டு.

சுவரில் இரண்டு கட்டங்கள் ஈரமாக மின்னின. வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த மகள் முதல் விடுமுறைக்கு வருகிறாள். தன் அறைக்குச் சாம்பல் நிறம் வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். கடைக்கு அவரே போய், கலர் அட்டைகளைப் புரட்டிக் கைகாட்டி, இரண்டு சாம்பிள் டப்பாக்கள் வாங்கி வந்திருந்தார்.

"ரெண்டுக்கும் நூலிழைதான் வித்தியாசம். எல்லார் கண்ணுக்கும் பிடிபடாது."

பெயிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் மனைவியைப் பார்த்தார்.

"எனக்குக் கணக்கு வராதுப்பா. வண்டியை ரிவர்ஸ் எடுத்தா வாசல் கேட் காலி. தக்காளிப் பழம் வாங்கிட்டு வான்னு அனுப்பினா பாதி காயாத்தான் கொண்டுவருவேன், இவளையே கேளு. ஆனா கலர்னு வந்துட்டா நான் கழுகு!"

"அதுல என்ன சந்தேகம்," என்றாள் மனைவி. "பேசாம இடது பக்கமே இருக்கட்டுமேங்க."

"சேச்சே, அது வெறும் சிமென்ட்டுச் சுவர் மாதிரி. வலதுதான். அதுல ஒரு கதகதப்பு இருக்கு பாரு."

"இல்லீங்க, பொண்ணு கேட்டது..."

"பொண்ணு கேட்டது சாம்பல். இது சாம்பலுக்கெல்லாம் சாம்பல்! இரு, போட்டோ எடுத்து அவளுக்கே அனுப்பறேன்."

தீர்ப்புச் சொன்ன மிடுக்கோடு போனை எடுக்கக் கூடத்துக்குப் போனார். திரும்பி வரும்போது, அறைக்குள்ளிருந்து கேட்ட பேச்சு அவரை வாசலிலேயே நிறுத்தியது.

"அம்மா, ஐயா கைகாட்டுறது ரோஸ் கலராச்சே! பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!"

"மெல்லப் பேசுங்க. அவருக்கு ரோஸும் சாம்பலாத்தான் தெரியும். கல்யாணமான புதுசுலயே கண்டுபிடிச்சுட்டேன்."

"சொல்லலையா?"

"எல்லாத்துலயும் தன்னைத்தானே மட்டம் தட்டிக்கிற மனுஷன். இது ஒண்ணுலதான் நெஞ்சை நிமித்தறார். அதையும் எப்படிங்க பிடுங்கறது? அவர் வெளிய போனதும் இடது பக்கத்தையே அடிச்சுடுங்க. அவருக்குத் தெரியவா போகுது?"

அவருக்குக் காது மடல் சூடேறியது. இத்தனை வருஷமாகவா! அப்படியே நழுவி மொட்டை மாடிக்குப் போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள், அடக்க அடக்கச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். மனைவியின் முகத்தை மட்டும் பார்க்காமல், பெயிண்டரின் தோளில் தட்டினார்.

"தம்பி, ரெண்டுல எது சாம்பலோ, அதையே அடிச்சுடு!"