சூளைக் கதவின் கல்நார்

மூடிய பட்டறைக்குள் மெக்கானிக் பழைய சூளைக் கதவிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார்க் கயிற்றை உரிக்கிறான். காய்ந்திருந்தால் அதன் இழை கண்ணுக்குத் தெரியாமல் பறந்து நுரையீரலில் குடியேறிவிடும், நனைந்தால் பறக்காது. அதனால் தண்ணீர் தெளித்துத் தெளித்து உரிக்கிறான். முகமூடிக்குள் மூக்கு அரிக்கிறது. கை எழுந்து, நார் ஒட்டிய கையுறையைக் கண்டதும் இறங்குகிறது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மச்சான் விசிறிச் சுவிட்சைத் தடவிக்கொண்டு நிற்கிறான். “வெந்து சாகப்போற மாப்ள, ஃபேனைப் போடுறேன்.” “போட்டா எல்லாம் பறக்கும். கைய சும்மா வச்சிரு!” “அதானே முடியல.” சட்டென்று கயிறு அறுந்து, உள்ளிருந்து உலர்ந்த வெள்ளைப் பஞ்சு எட்டிப்பார்க்கிறது. தெளிக்கும் பாட்டிலை அழுத்துகிறான், காலி. ஈரத்துணியால் பஞ்சைப் பொத்திப் பிடிக்கிறான். “மச்சான், தண்ணி!” சுவிட்சை விட்டுவிட்டு மச்சான் ஓடுகிறான். குழாய் நூல் நூலாக ஒழுகும் சத்தம் கேட்கிறது. விரலுக்கடியில் துணி உலர்ந்துகொண்டே வருகிறது.