மீன் போன கரை

"கும்பல் கும்பலா இங்க வந்து குவியறீங்களே, உங்க நாட்ல அப்படி என்னய்யா குறைச்சல்?"

கேப்டன் கேட்டதும், அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த ஒல்லி துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தான். மறுபடி துடைத்தான்.

பக்கவாதம் கேப்டனைக் கட்டிலில் போட்டு எட்டு மாதம் ஆகிறது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் விமானம் ஏறிப் போகிற தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை போனில் ஐந்து நிமிடம் பேசுவாள். மிச்ச நேரமெல்லாம் டி.வி.தான் துணை.

ஆறு மாதமாக ஏஜென்சி அனுப்பும் இந்த ஆள்தான் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, மாலையில் கிளம்புவான். அவன் பெயர் வாயில் நுழையாததால் 'ஒல்லி' என்று வைத்தவரும் கேப்டன்தான்.

"உன்னைத்தான் கேட்கறேன்! ஆஸ்பத்திரிக்குப் போனா உங்க ஆளுங்க வரிசை. வாடகைக்கு ஒரு வீடு காலி இல்ல. சொந்த ஊர்லயே உழைச்சுச் சாப்பிட்டா ஆகாதா?"

"உழைச்சேன் ஐயா. மீன்தான் பிடிச்சேன். சொந்தப் படகு."

கேப்டனின் முகம் மலர்ந்துவிட்டது. "அட! நானும் முப்பது வருஷம் கடல்ல கிடந்தவன்தான். ஆறு மாசமா வாயே திறக்கலையே நீ! சரி, தொழிலை ஏன் விட்டே?"

"மீன் இல்லாமப் போச்சு. எங்க மந்திரி வெளிநாட்டுக் கப்பலுக்குக் கடலையே எழுதிக் கொடுத்துட்டார். பெரிய இழுவை வலை போட்டு அடிமண் வரைக்கும் வழிச்சுட்டாங்க. எதிர்த்துக் கேட்டவங்களைப் போலீஸ் அள்ளிட்டுப் போச்சு. அப்புறம் துப்பாக்கிச் சூடு, கலவரம். மீன் பிடிச்ச படகுலயே ராவோட ராவா ஏறி வந்துட்டோம்."

"எந்தக் கரை?"

ஒல்லி சொன்னான்.

கேப்டன் தலையை அவன் பக்கம் திருப்பினார். "கப்பல்... என்ன நிறம்?"

"பச்சை. முகப்புல ரெண்டு வெள்ளைக் கோடு."

பதினொரு வருடம் அவர் ஓட்டிய கப்பல். ஒரு வலைக்கு ஐம்பது டன் மீன் என்று பார்த்தவரிடமெல்லாம் மார்தட்டிக்கொண்ட கப்பல். அந்தக் கடல் யாருடையது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

"ஒல்லி... அந்தக் கப்பலை..."

"தெரியும் ஐயா. வேலைக்கு வந்த முதல் வாரமே, நீங்க மகள்கிட்ட போன்ல பழைய கதை பேசினப்பவே தெரிஞ்சுபோச்சு."

"வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன். மாத்தறோம்னாங்க. ஆனா, உங்க வாய்க்குப் பயந்து இந்த வீட்டுக்கு வேற யாரும் வர மாட்டேங்கறாங்கன்னும் சொன்னாங்க."

கேப்டனின் செயலிழந்த கையை மெதுவாகத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்தான் ஒல்லி.

"தனியாக் கிடந்து வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கறது எப்படி இருக்கும்னு தெரியும் ஐயா. ஊர்லயே விட்டுட்டு வந்த எங்கம்மா இப்ப அப்படித்தான் கிடக்கறாங்க."