பதினாலு மணி நேரம் நிக்கும்!

“வெயிட்டு வாணாம் தம்பி. கையில வெச்சுகினா வெச்ச மாதிரியே தெரியக் கூடாது. அப்புடி எதுனா கீதா?”

ஆவடி மார்க்கெட்டை ஒட்டிய கடையில், நாலாவது லேப்டாப்பையும் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள் சொர்ணம். கடைப் பையன் தமிழ்வாணன் முகம் சுளிக்காமல் ஐந்தாவதை எடுத்து வைத்தான். பக்கத்தில் நின்ற மருமகள் திவ்யாவுக்குத்தான் கூச்சமாக இருந்தது. கூச்சத்தைவிட சந்தோஷம் அதிகம். பின்னே? மருமகளுக்கு லேப்டாப் வாங்கித் தருவதற்காகவே சீட்டை எடுத்த மாமியார் கோவில்பதாகையில் அந்த ஏரியாவிலேயே வேறு யார் இருக்கிறார்கள்?

திவ்யா வேலை பார்ப்பது ஒரு சின்ன கம்பெனியில். வீட்டிலிருந்தே வேலை, ஆனால் லேப்டாப் கம்பெனி தராது, நம்முடையதுதான். காலேஜ் காலத்து லேப்டாப்பில் பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது. வயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி உயிர் போய்விடும். அதனால் காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் ஏழு வரை பெட்ரூம் பிளக்குக்குப் பக்கத்திலேயே கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பாள். கரண்ட் போனால் மீட்டிங்கும் போச்சு. ரெண்டு தடவை அப்படிப் பாதிப் பேச்சில் காணாமல் போனதில் மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வீட்ல உக்காந்து பார்த்தது போதும். தினமும் ஆபீசுக்கே வந்துடுங்க.”

ஆபீஸ் இருப்பது சிறுசேரியில். ரயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று போக இரண்டரை மணி நேரம், வர மூன்று மணி நேரம்.  திவ்யா புருஷனிடம் சொல்லி அழுதாள். அவன் “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். காதில் வாங்கிய சொர்ணம்தான் மறுநாளே, “கெளம்பு, நான் வாங்கித் தரேன்” என்றாள். தங்கமான மனசு!

“இது ஒரு கிலோ கூட வராது மா,” என்றான் தமிழ்வாணன்.

சொர்ணம் அதை இடது உள்ளங்கையில் ஏந்தினாள். ரெண்டு எருமை கறந்து பால் சொம்பு தூக்கிய கை, தராசே தோற்றுப் போகும். வலது கையை வெறும் காற்றில் ரெண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

“பரவால்ல, கை இழுக்கல. பேட்டரி எம்மா நேரம் நிக்கும்?”

“பதினாலு மணி நேரம் மா.”

“காலைல அஞ்சுக்கு ஆரம்பிச்சா…” விரல் விட்டு எண்ணினாள். “ஏழு வரிக்கும் ஓடும்.”

“அத்தை, எனக்கு ஒம்பது மணிக்குத்தான் வேலை,” என்றாள் திவ்யா.

“இருக்கட்டும் கண்ணு. முன்ன பின்ன ஆவும். ஏன் தம்பி, சூடு தாங்குமா?”

“தாங்கும் மா.”

“பக்கத்துல சத்தம் கேட்டுகினே இருந்தா, பேசறது அவுங்களுக்கு வெளங்குமா?”

“மேளமே அடிச்சாலும் மேடம் குரல் மட்டும்தான் மா போகும்.”

ஆவடி வெயிலையும் தெருவில் போகும் தண்ணி லாரியையும் மனசில் வைத்துத்தான் அத்தை கேட்கிறாள் என்று திவ்யா உருகிப் போனாள். ஓரமாக ஒதுங்கி முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

“அம்மா, நீ கூட எனக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்து எதுவும் வாங்கித் தந்ததில்ல.”

“கொடுத்து வெச்சவடி நீ! அவங்க கால்ல வுழுந்து கும்புடு,” என்றாள் அம்மா.

கும்பிடத்தான் நினைத்தாள். கடையில் கூட்டம் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சொர்ணம் பணத்தைக் கட்டி முடித்திருந்தாள்.

“பேக் ஒண்ணு, இல்லன்னா கீபோர்டு மேல போடுற பிளாஸ்டிக் கவர். ரெண்டுல ஒண்ணு ஃப்ரீ மா. எது வேணும்?” என்று கேட்டான் தமிழ்வாணன்.

சொர்ணம் யோசிக்கவே இல்லை. “கவரு குடு தம்பி. தாளிக்கிறப்போ எண்ண தெறிக்கும்.”

தமிழ்வாணன் விழித்தான். திவ்யா அவனைவிட அதிகமாக விழித்தாள்.

“இன்னா முழிக்கிற? சமையக்கட்டுல கீறதே ரெண்டு பிளக்கு. ஒண்ணு மிக்சிக்கு, ஒண்ணு கிரைண்டருக்கு. அதான் பேட்டரி கேட்டேன். ஒரு கையில இத்தப் புடிச்சுகினு மறு கையால கொழம்பு கிண்டணும்னா வெயிட்டு இருக்கலாமா? இம்மாம் நாளா ‘வயரு கீது, நவுர முடியாது’ன்னு ரூமுலயே குந்திகினு கெடந்த. உனக்குக் காபி எடுத்துகினு நடந்தே எம் முட்டி தேஞ்சிப் போச்சு. இனிமே வேலைக்கு வேல, சமையலுக்குச் சமையல்!”

சோழியன் குடுமி சும்மா ஆடவில்லை. வந்த கண்ணீர் வந்த வழியே திரும்பிப் போக, திவ்யா புது லேப்டாப்பை வாங்கி ஒரு கையில் தூக்கிப் பார்த்தாள். பூ மாதிரிதான் இருந்தது.

“கவர் வேணாம் அண்ணா, பேக்கே குடுங்க,” என்றவள், ஃபோனில் மேனேஜரின் நம்பரைத் தேடிக்கொண்டே மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். “வெயிட்டும் இல்ல, பதினாலு மணி நேரம் நிக்கவும் நிக்குது. தினமும் சிறுசேரிக்குப் போய் வர இதைவிட நல்ல லேப்டாப் கிடைக்காது அத்தை!”