நாற்பத்திரண்டு படிகள்

கோயிலின் நட்டநடுவில் தச்சர் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். ஜெபிக்கவில்லை. டேப்பை விரித்துத் தரையை அளந்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஜெபமாலைக்காக அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த தையல்காரருக்கு அதைப் பார்த்ததும் சுர்ரென்று ஏறியது.

"யாரைக் கேட்டு அளக்குறீங்க?"

"சும்மா ஒரு கணக்குதாண்ணே" என்று சொல்லிவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார் தச்சர்.

தச்சர் இந்தக் கோயில்காரர் இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கோயிலின் பங்கைச் சேர்ந்தவர். அங்கே பங்குப் பேரவைச் செயலாளர் அவர், இங்கே தையல்காரர். ஆளுக்கொரு ஃபாதர் இருந்த காலமெல்லாம் போன வருடத்தோடு சரி. குருக்கள் பற்றாக்குறை. இப்போது இரண்டு பங்குக்கும் ஒரே ஃபாதர், ஒரு வாரம் இங்கே பூசை, மறுவாரம் அங்கே. அவரோ முட்டிவலிக்காரர். இப்படியே அலைந்தால் படுத்துவிடுவார் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். அதனால் பிஷப் இரண்டு பங்கையும் கேட்டிருந்தார். இனி ஒரே கோயிலில்தான் பூசை, எங்கே வைக்கலாம், காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.

தையல்காரர் மூன்று பக்கம் எழுதினார். எட்டுக் காரணங்கள். எங்கள் கோயில்தான் பழசு, எங்கள் கோபுரம்தான் உயரம், எங்கள் குடும்பங்கள்தான் அதிகம் என்று அடுக்கிக்கொண்டே போய், எட்டாவதாக அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு பக்தி போதாது என்று ஒரு போடும் போட்டிருந்தார். அந்தப் பக்கம் அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவர் மனதை அரித்த காரணத்தை மட்டும் எழுதவில்லை. அது அப்பா. தண்டவாளத்தைத் தாண்ட நடைமேம்பாலம் ஒன்றுதான் வழி, நாற்பத்திரண்டு படி. அங்கே பூசை நடக்கும் வாரம் அப்பா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, மணிச்சத்தம் கேட்டதும் சிலுவை போட்டுக்கொள்வார். இனி எல்லா வாரமும் அப்படித்தான் என்றால் மனுஷன் உடைந்துபோவார். ஆனால் ஒரே ஒரு கிழவர் கதையை பிஷப்பிடம் சொன்னால் எடுபடுமா என்று விட்டுவிட்டார்.

தச்சர் எழுந்து வந்தார். நாற்காலியின் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை டேப்பைப் பிடித்தார்.

அப்பாவுக்கு ஒரே குஷி. "தச்சரே வந்து அளவெடுக்குறாருன்னா எனக்கு நேரம் வந்துருச்சுபோல. கொஞ்சம் தாராளமா வைப்பா, புரண்டு படுக்கணும்."

தச்சர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தீர்ப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது, நம் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போகத்தான் அளவெடுக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். நேராக ஃபாதரிடம் போய்ப் பொரிந்து தள்ளினார். காலையில் தெரிந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்றார் ஃபாதர்.

மறுநாள் காலை, அப்பாவைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

மேம்பாலத்தின் மேல் பெஞ்சுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே இல்லாமல். பெஞ்சுக்கு ஆறு பேர். டீச்சரம்மா ஒரு முனையைப் பிடித்திருந்தார், பால்காரர் இன்னொரு முனையை. அந்தக் காலத்து மரம், லேசில் அசையுமா? படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார்கள். கீழே போன ரயிலில் ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள் அண்ணாந்து பார்த்தன. ஒரு கோயிலே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. தையல்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

"இனிமே எல்லா வாரமும் பூசை இங்கதாண்ணே" என்றார், வியர்த்து வழிந்த தச்சர். "நாங்களும் வந்தா உங்க ஆளுங்க நிக்கவேண்டியிருக்கும். அதான், உக்கார இடத்தைக் கையோட கொண்டுவந்துட்டோம்."

முன்வரிசையில் போட்ட பெஞ்சு மட்டும் குட்டையாக இருந்தது. ஒரு முனையைப் புதிதாக அறுத்து இழைத்திருந்தார்கள். அறுத்துவிட்ட இடத்தில் தச்சர் நாற்காலியைத் தள்ளி நிறுத்தினார். நூல் பிசகாமல் பொருந்தியது. இத்தனை வருடமாகப் பின்சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்த அப்பா, இப்போது பீடத்துக்கு முன்னால் வரிசையில் ஓர் ஆளாக இருந்தார். அந்த அறுத்த முனையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தையல்காரர் குனிந்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். மனதின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெருமை. எழுதின மூன்று பக்கம் வீண்போகவில்லை.

பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்த ஃபாதரிடம் மெதுவாகக் கேட்டார். "என் லெட்டரைப் படிச்சுட்டு பிஷப் என்ன சொன்னாரு ஃபாதர்?"

ஃபாதர் அங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"படிச்சாரு. ஆனா அவங்க லெட்டர்தான் முதல்ல வந்துச்சு. அதைப் படிச்சதுமே முடிவு பண்ணிட்டாராம்."

மேஜை டிராயரிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தச்சரின் பென்சில் எழுத்து. மூன்றே வரி.

'பூசை அந்தக் கோயிலிலேயே இருக்கட்டும். அங்கே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வருகிறார், பாலத்தில் நாற்பத்திரண்டு படி இருக்கிறது. அவரால் ஏற முடியாது, எங்களால் முடியும்.'