வெந்நீரில் ஒரு கால்

நோயாளி போதும் என்று சொல்லும்வரை தொட்டியில் வெந்நீர் சேர்ப்பது அந்த நீர்ச் சிகிச்சை நிலையத்தின் வழக்கம். "போதுமாண்ணே?" என்று கேட்டான் உதவியாள் தங்கையா. "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" என்றார் சபாபதி. தொட்டிக்குள் இருந்த அவருடைய இடது கால் மரத்துப்போய் வெகுநாளாகிறது. தெரிந்தால் வெட்டிவிடுவார்களோ என்று பயந்து அவர் எவரிடமும் சொன்னதில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல, அது சிவந்து கொப்புளித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையா அலறிய சத்தத்தில் மருத்துவர் ஓடிவந்தார். "இது காலா, கிழங்கா? அவரைக் கேட்டியா இல்லியா?"

"கேட்டேன் சார்."

சபாபதி சுவரைப் பார்த்தபடி, "என்னை யாரும் கேக்கலியே" என்றார்.

"நாளைலேருந்து நீ வர வேண்டாம்" என்று தங்கையாவிடம் சொல்லிவிட்டு மருத்துவர் மருந்தெடுக்கப் போனார். தங்கையா கீழே உட்கார்ந்து அந்தக் காலை இரு கைகளாலும் ஏந்திக் குளிர்ந்த நீரில் இறக்கினான்.

"எரிச்சல் குறையுதாண்ணே?"

"குறையுதுப்பா" என்றார் சபாபதி.